பாசறையும் வாக்குச் சீட்டும்: தொலைவிலிருந்தோர் வாக்குரிமை வரலாறு

மக்களாட்சியில் வாழ்வோர்க்கு வாக்குரிமை தலையாய உரிமை என்பதை இன்று மறுப்பார் இலர். ஆயின், அவ்வுரிமை நெடுங்காலம் ஓர் எளிய நிபந்தனைக்கு உட்பட்டிருந்தது. தேர்தல் நாளன்று வாக்காளர் தம் ஊரில் இருத்தல் வேண்டும் என்பதே அந்நிபந்தனை. ஊரில் இருப்போர்க்கு இஃது ஒரு பொருட்டன்று. அவர் காலையில் வாக்குச் சாவடிக்குச் சென்று, மீண்டு வந்து, தம் தொழிலைக் கவனிப்பர். ஆனால், நாட்டைக் காக்கும் பொருட்டு ஊரை விட்டு நீங்கிப் போர்க்களத்தில் நிற்போர் நிலை யாது? நாட்டுக்காக ஊரை நீங்கியமையே அந்நாட்டின் ஆட்சியிற் பங்கு கொள்ளும் உரிமையை இழத்தற்குக் காரணமாகுமாயின், அது முறையாகுமா?

இவ்வினா நம் ஆசிரியர்களுக்குப் புதியதன்று. தேர்தற் கடமைக்கு அனுப்பப்படும் ஆசிரியர், தேர்தல் நாளிலே தம் ஊர்ச் சாவடிக்குச் செல்ல இயலாதவராதலின், முன்னதாகவே தபால் மூலம் வாக்களிப்பதை நாம் அறிவோம். எளிய அலுவலக நடைமுறையாகத் தோன்றும் இவ்வொழுங்கின் பின்னால் ஒரு நீண்ட போராட்டம் உண்டு. அப்போராட்டம் கூர்மையாக நிகழ்ந்த நாடு அமெரிக்க ஐக்கிய நாடுகள். அங்கு இவ்வழக்கம் வளர்ந்த வரலாற்றையும், வேண்டிய இடத்தில் பிரித்தானியாவின் அனுபவத்தையும் ஈண்டு ஆராய்வோம்.

இடத்தோடு பிணைந்த உரிமை

அமெரிக்கர் தம் தேர்தல் மரபினை இங்கிலாந்திலிருந்து பெற்றனர். அம்மரபில், பிரதிநிதி என்பார் ஓர் இடத்தின் பிரதிநிதி ஆவர். அவ்விடத்தில் வாழ்வோர் ஒன்றுகூடி, ஒருவரை ஒருவர் அறிந்த நிலையில், அவரைத் தெரிந்தனுப்பினர். வாக்களிப்பவர் யார், அவ்வூரில் வாழ்பவர்தாமா என்பதற்கு அயலாரே சான்று. பிறவூரார் புகுந்து வாக்களித்தலைத் தடுத்தற்கு இதனினும் எளிய காவல் அக்காலத்தில் இருக்கவில்லை. ஆகவே, இருப்பிட நிபந்தனையை வெறும் மூட நம்பிக்கையாகக் கருதுதல் பொருந்தாது. தேர்தலின் தூய்மையைக் காத்தற்கு எழுந்த வேலி அது. ஆனால், அயலாரைத் தடுக்க எழுந்த வேலி, உரியவர் வெளியே நிற்கும்போது அவரையும் தடுத்துவிட்டது.

இவ்விடர்ப்பாட்டை முதலில் உணர்ந்த மாநிலங்களுள் பென்சில்வேனியா ஒன்று. பிரித்தானியாவோடு போர் நிகழ்ந்துகொண்டிருந்த 1813ஆம் ஆண்டிலேயே, படைச்சேவையில் இருப்போர் தம் பாசறையில் வாக்களிக்கலாம் என அம்மாநிலம் சட்டம் இயற்றிற்று. அச்சட்டம் பின்னரும் தொடர்ந்தது. ஆயினும், 1838ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட அம்மாநில அரசியலமைப்பு, வாக்காளர் தாம் வாக்களிக்க முன்வரும் தேர்தற் பிரிவிலே தேர்தலுக்கு முன் பத்து நாள் வதிந்திருத்தல் வேண்டும் என விதித்தது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று மாறுபட்டன என்பதை அமைதிக் காலத்தில் ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

1861ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர் மூண்டது. அவ்வாண்டு ஒக்ரோபர் மாதம் பென்சில்வேனிய வீரர்கள் தம் பாசறைகளில் வாக்களித்தனர். லூசேர்ன் என்னும் கவுண்டியில் அரச வழக்குரைஞர் பதவிக்கு நிகழ்ந்த போட்டியில், ஊர் வாக்குகள் ஒருவருக்கும், பாசறை வாக்குகளையும் கூட்டியபோது மற்றொருவருக்கும் வெற்றியளித்தன. வழக்கு மாநில உயர்நீதிமன்றம் வரை சென்றது. 1862ஆம் ஆண்டு நீதிபதி யோர்ச் வூட்வேட் தீர்ப்பெழுதினார். வாக்களிக்க முன்வருதல் என்பது வாக்காளர் தம் உடலோடு தம் பிரிவிலே தோன்றி வாக்குச் சீட்டை நீட்டுதலாகும். ஆகவே, பாசறை வாக்குகள் செல்லா என்பது அவர் முடிபு. பாசறையில் நிகழும் தேர்தல் மோசடிக்கு இடந்தரும் என்ற அச்சமும் அத்தீர்ப்பிற் காணப்பட்டது. அரசியலமைப்பின் சொற்களைக் கொண்டு நோக்குவோர்க்கு அத்தீர்ப்பில் நியாயம் உண்டு. ஆனால், அதன் பயனாகப் பல்லாயிரம் வீரர் வாக்கிழந்தனர் என்பதும் உண்மை. அடுத்த ஆண்டு அதே நீதிபதி சனநாயகக் கட்சி வேட்பாளராய் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். சட்டமும் கட்சியும் எத்துணை நெருங்கி நின்றன என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

பாசறையில் வாக்குப் பெட்டி

இத்தகைய தடைகள் பல மாநிலங்களில் இருந்தன. எனினும், போர் நீளநீள மாநிலங்கள் ஒவ்வொன்றாய்த் தம் சட்டங்களை மாற்றின. விசுக்கொன்சின், அயோவா, மினசோற்றா ஆகியன 1862ஆம் ஆண்டிலேயே வழி திறந்தன. பென்சில்வேனியா 1864ஆம் ஆண்டு ஓகத்து மாதம் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் தன் அரசியலமைப்பையே திருத்திற்று. அவ்வாண்டு நவம்பர் மாதச் சனாதிபதித் தேர்தலின்போது, ஒன்றியத்தின் பக்கம் நின்ற 25 மாநிலங்களுள் 19 மாநிலங்கள் தம் வீரர்களுக்கு ஊருக்கு வெளியே வாக்களிக்கும் உரிமையை வழங்கியிருந்தன.

அவ்வுரிமையைச் செயற்படுத்தற்கு இருவகை வழிகள் கையாளப்பட்டன. முதலாவது, சாவடியைப் பாசறைக்குக் கொண்டு செல்லுதல். வீரர்களுள் சிலர் தேர்தல் நடுவராகவும் எழுத்தராகவும் அமர்வர்; வாக்குகள் அங்கேயே பெறப்பட்டு, எண்ணிக்கை மாநிலத் தலைநகருக்கு அனுப்பப்படும். இரண்டாவது, வாக்குச் சீட்டை ஊருக்கு அனுப்புதல். நியூயோர்க் இவ்வழியைத் தழுவிற்று. வீரர் தம் சீட்டினை உறையிலிட்டு ஒட்டி, தம் பொருட்டு அதனைக் கையளிக்குமாறு ஊரிலுள்ள ஒரு வாக்காளருக்கு எழுத்து மூலம் அதிகாரம் அளிப்பர். அவர் தேர்தல் நாளன்று சாவடியில் அதனைக் கையளிப்பர். அரசினர் அச்சிட்டு வழங்கும் பொதுச் சீட்டு அக்காலத்தில் இல்லை என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். கட்சிகளே தத்தம் சீட்டுகளை அச்சிட்டு வழங்கின.

இரு வழிகளிலும் குறை உண்டு. பாசறைச் சாவடியில், அதிகாரியின் கண்முன்னே நின்று வாக்களிக்கும் வீரர் தம் உள்ளத்தின்படி வாக்களிப்பரா என்ற ஐயம் எழுந்தது. உறைவழியில், இடையிலுள்ள கைகள் நேர்மையானவைதாமா என்ற ஐயம் எழுந்தது. இவ்வையம் வீணானதன்று. 1864ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் நியூயோர்க் வீரரின் வாக்குகளைப் பெறச் சென்ற முகவர் சிலர், பொய்க் கையொப்பமிட்டுச் சீட்டுகளை ஆக்கினர் என்ற குற்றச்சாட்டிற் கைதாகிப் படைத்துறை மன்றின் முன் நிறுத்தப்பட்டனர். தொலைவிலிருந்து வாக்களிக்கும் முறையின் இரு பெரும் நோய்களாகிய அச்சுறுத்தலும் ஆள்மாறாட்டமும் அதன் பிறப்போடே பிறந்தன எனலாம்.

கட்சிகளின் நிலைப்பாட்டையும் ஈண்டு நோக்குதல் தகும். இலிங்கனின் கட்சியினர் பெரும்பாலும் வீரர் வாக்கினை ஆதரித்தனர். சனநாயகக் கட்சியினர் பெரும்பாலும் எதிர்த்தனர். முன்னவர் நன்றிக்கடன் பேசினர். பின்னவர் அரசியலமைப்புப் பேசினர். வீரர் எப்பக்கம் சாய்வர் என்ற கணக்கும் இருவர் நெஞ்சிலும் இருந்தது. நியூயோர்க் ஆளுநர் ஓரேசியோ சீமர் 1863ஆம் ஆண்டு அத்தகைய சட்டமொன்றுக்கு ஒப்பம் மறுத்தார். மறு ஆண்டு மக்கள் அரசியலமைப்பைத் திருத்தியே அதனை நிறைவேற்றினர். இந்தியானா, இலினோய், நியூ யேர்சி ஆகிய மாநிலங்கள் இறுதிவரை இடமளிக்கவில்லை. அதனால், 1864ஆம் ஆண்டு செப்ரெம்பர் 19ஆம் நாள் இலிங்கன் படைத்தலைவர் சேர்மனுக்கு ஒரு கடிதம் எழுத நேர்ந்தது. இந்தியானா வீரர் பாசறையில் வாக்களிக்க இயலாதவராதலின், பாதுகாப்புக்கு ஊறு நேராத அளவுக்கு அவர்களை ஊருக்கு அனுப்பி உதவுமாறு அதில் வேண்டினார். இஃது ஆணையன்று என்பதையும் தெளிவாகக் குறித்தார். நாட்டின் தலைவரே தம் படைத்தலைவரிடம் வீரர்க்கு விடுமுறை வேண்டி எழுதும் நிலையை ஒரு சட்டத்தின் இன்மை உண்டாக்கிற்று.

மேரிலாந்தின் 375 வாக்குகள்

வீரர் வாக்கு வெறும் மரியாதையன்று, ஒரு நாட்டின் விதியை மாற்றவல்லது என்பதை மேரிலாந்து காட்டிற்று. இலிங்கனின் 1863ஆம் ஆண்டு விடுதலைப் பிரகடனம் கிளர்ச்சி செய்த பகுதிகளிலிருந்த அடிமைகளுக்கே பொருந்திற்று. மேரிலாந்து ஒன்றியத்தோடு நின்ற மாநிலம். ஆகவே அங்கு அடிமைமுறை சட்டப்படி நிலைத்தது. 1860ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அம்மாநிலத்தில் 87,189 அடிமைகள் இருந்தனர்.

1864ஆம் ஆண்டு அம்மாநிலம் புதிய அரசியலமைப்பொன்றை ஆக்கிற்று. அடிமைமுறையை அறவே ஒழிப்பது அதன் தலையாய கூறு. ஒக்ரோபர் 12, 13ஆம் நாள்களில் மக்கள் அதன்மீது வாக்களித்தனர். ஊர்களில் அளிக்கப்பட்ட வாக்குகளை எண்ணியபோது, ஆதரித்தோர் 27,541 பேர். எதிர்த்தோர் 29,536 பேர். அஃதாவது, ஊர் வாக்குகள் மட்டும் கணக்கில் எடுக்கப்பட்டிருப்பின் புதிய அரசியலமைப்பு ஏறத்தாழ 2,000 வாக்குகளால் வீழ்ந்திருக்கும். பின்னர்ப் பாசறைகளிலிருந்து வீரர் வாக்குகள் வந்தன. ஆதரித்தோர் 2,633 பேர். எதிர்த்தோர் 263 பேர். இரண்டையும் கூட்ட, ஆதரவு 30,174, எதிர்ப்பு 29,799. 375 வாக்குகளால் அரசியலமைப்பு நிறைவேறிற்று. நவம்பர் முதலாம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அன்று மேரிலாந்தின் அடிமைகள் விடுதலை பெற்றனர்.

இங்கு ஒரு சட்டச் சிக்கலை மாணவர் கருதுதல் வேண்டும். பழைய அரசியலமைப்பில் வீரர் வெளியே வாக்களிக்க இடமில்லை. அவ்வுரிமையை அளித்தது, இன்னும் நிறைவேறாத புதிய அரசியலமைப்பின் ஏற்பாடேயாகும். பிறவாத குழந்தையே தன் பிறப்புக்குச் சான்றுரைத்தது போன்றது இது என்று எதிர்த்தோர் வாதிட்டதில் வியப்பில்லை. ஆயினும், அவ்வாதம் வெற்றி பெறவில்லை. மறுபுறம், அவ்வீரர் அம்மாநிலக் குடிகள் அல்லர் என்று எவரும் கூறவில்லை. அவர்கள் ஊரில் இருந்திருப்பின் எவ்விதத் தடையுமின்றி வாக்களித்திருப்பர். ஊரிலில்லாமை ஒன்றே குறை. அக்குறையும் அம்மாநிலத்தின் பொருட்டே நேர்ந்தது. சட்டத்தின் எழுத்து ஒருபுறமும் உரிமையின் உயிர் மறுபுறமும் நின்ற வழக்கிது. அதன் தீர்ப்பிலே பல்லாயிரவர் விடுதலை தங்கியிருந்தது.

அதனையடுத்து நவம்பர் 8ஆம் நாள் சனாதிபதித் தேர்தல் நிகழ்ந்தது. அதே ஆண்டு ஓகத்து 23ஆம் நாள், தாம் தோற்கக்கூடும் எனக் கருதிய இலிங்கன், அக்கருத்தை ஒரு தாளில் எழுதி மடித்து, உள்ளே இருப்பதைக் காட்டாமலே தம் அமைச்சரிடம் கையொப்பம் பெற்று வைத்திருந்தார். செப்ரெம்பர் மாதத் தொடக்கத்தில் அற்லாந்தா வீழ்ந்தமை நிலைமையை மாற்றிற்று. அவரை எதிர்த்து நின்றவர், அவ்வீரர்களுட் பலரை முன்னர் நடத்திய படைத்தலைவர் மக்கிளெல்லன். வேறாக எண்ணப்பட்ட வீரர் வாக்குகள் ஏறத்தாழ 150,000. அவற்றுள் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவை இலிங்கனுக்குக் கிடைத்தன. தேர்வாளர் வாக்குகள் 212க்கு 21 ஆக அமைந்தமையால், அவர் வெற்றி வீரர் வாக்கை மட்டும் சார்ந்ததன்று. ஆயினும், போரின் துன்பத்தை முதலிற் சுமப்போரே அப்போரை முடிவுவரை நடத்துக என வாக்களித்தமை, எண்ணிக்கையினும் பெரிய செய்தியாயிற்று.

காத்திருந்த பெட்டிகள்

அமெரிக்கர் சாவடியைப் பாசறைக்கு அனுப்பினர். பிரித்தானியர் பிறிதொரு பாடத்தைக் கற்பித்தனர். அது காலம் பற்றிய பாடம். முதலாம் உலகப் போரின் முடிவில், 1918ஆம் ஆண்டு மக்கட் பிரதிநிதித்துவச் சட்டம், வெளியே இருக்கும் வீரர்க்குத் தபால் மூலமும் பதிலாள் மூலமும் வாக்களிக்க வழிசெய்தது. அவ்வாண்டுத் திசெம்பர் 14ஆம் நாள் வாக்கெடுப்பு நிகழ்ந்தது. ஆனால், பெட்டிகள் உடனே திறக்கப்படவில்லை. தொலைவிலிருந்து வரும் சீட்டுகளின் பொருட்டு 28ஆம் நாள் வரை அவை காத்திருந்தன.

1945ஆம் ஆண்டில் இக்காத்திருப்பு உலகமே அறிந்த நிகழ்ச்சியாயிற்று. யூலை 5ஆம் நாள் வாக்களிப்பு நிகழ்ந்தது. கடல் கடந்து நின்ற வீரர் வாக்குகள் வந்து சேர்தற்காக மூன்று வாரம் பெட்டிகள் மூடியபடியே இருந்தன. இதற்கிடையிற் பொற்சுடாம் மாநாடு தொடங்கிற்று. பிரதமர் சேர்ச்சில் மாநாட்டின் இடையில் நாடு திரும்பினார். யூலை 26ஆம் நாள் முடிவு வெளியாயிற்று. மாநாட்டுக்கு மீண்டு சென்றவர் புதிய பிரதமர் அற்லி ஆவர். பேரரசுகளின் எதிர்காலம் பேசப்பட்ட மாநாட்டினிடையேயும், தொலைவிலிருந்த ஒரு படைவீரர் சீட்டு வந்து சேரும்வரை ஒரு நாடு பொறுத்திருந்தது. உரிமையைச் சட்டத்தில் எழுதுவதோடு அமையாது, அதற்கு வேண்டிய நாள்களையும் ஒதுக்குதல் வேண்டும் என்பதே அதன் பாடம்.

1944ஆம் ஆண்டு வாதம்

அமெரிக்கா அப்பாடத்தை அரிதிற் கற்றது. உள்நாட்டுப் போர்க் காலச் சட்டங்களுட் பல அப்போரோடு காலாவதியாயின. இரண்டாம் உலகப் போரிற் பெருந்தொகையான அமெரிக்கர் படையிற் சேர்ந்தபோது, மாநிலங்கள்தோறும் வெவ்வேறு விதிகள் நிலவின. சில மாநிலங்களின் கால எல்லைக்குள், ஒரு சீட்டு பசிபிக் கடலைக் கடந்து சென்று மீளுதல் எவ்வாற்றானும் இயலாததாயிருந்தது.

1942ஆம் ஆண்டு செப்ரெம்பர் 16ஆம் நாள் நடுவணரசு ஒரு சட்டம் இயற்றிற்று. படைவீரர் ஓர் அட்டை மூலம் சீட்டைக் கோரலாம். நடுவணரசுப் பதவிகளுக்கான தேர்தலில் தலைவரி செலுத்தாமையைக் காட்டி அவர்களைத் தடுத்தலாகாது என்பன அதன் கூறுகள். நோக்கம் நன்று, காலம் தவறிற்று. தேர்தலுக்கு ஏழு வாரமே எஞ்சியிருந்தது. ஏறத்தாழ 28,000 பேரே அச்சட்டத்தின்படி வாக்களித்தனர்.

1944ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தல் அணுகியபோது, நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு கூட்டாட்சிச் சீட்டை வழங்கலாம் என்ற திட்டம் எழுந்தது. சனாதிபதி ரூஸ்வெல்ற் அதனை ஆதரித்தார். தென்மாநில உறுப்பினர் பலர் கடுமையாக எதிர்த்தனர். வாக்காளர் தகுதியை வகுத்தல் மாநிலங்களின் உரிமை என்பது அவர்தம் வெளிப்படையான வாதம். அவ்வாதத்தின் அடியில் வேறொரு கவலை இருந்தது. தென்மாநிலங்களிற் கறுப்பின மக்கள் தலைவரியாலும் எழுத்தறிவுச் சோதனையாலும் பிற தடைகளாலும் வாக்களிப்பினின்று விலக்கி வைக்கப்பட்டிருந்தனர். கூட்டாட்சிச் சீட்டு கறுப்பின வீரர் கைக்கு நேரே சென்றால், அத்தடைகளுள் ஒரு வாயில் திறந்துவிடும் என அவர்கள் அஞ்சினர். 1864ஆம் ஆண்டு மேரிலாந்திற் போன்றே இப்பொழுதும், சீட்டு எவ்வழியிற் செல்வது என்ற நடைமுறை வினாவினுள்ளே, யார் குடிமக்கள் என்ற பெருவினா மறைந்திருந்தது.

மாநிலங்களின் கையிலேயே பொறுப்பை விடும் மாற்றுத் திட்டத்தை ரூஸ்வெல்ற் ஒரு மோசடி எனச் சாடினார். ஈற்றில் நிறைவேறியது ஓர் இடைவழிச் சட்டம். மாநிலச் சீட்டை உரிய காலத்திற் கோரியும் பெறாத வீரர்க்கே கூட்டாட்சிச் சீட்டு உரியது. அதுவும், அவர்தம் மாநிலம் அச்சீட்டை ஏற்க இசைந்தாலன்றிச் செல்லாது. சனாதிபதி கையொப்பமிடாமலே அது சட்டமாயிற்று. 20 மாநிலங்களே கூட்டாட்சிச் சீட்டை ஏற்க இசைந்தன. எனினும், இவ்வாதத்தால் விழிப்புற்ற மாநிலங்கள் பல தத்தம் விதிகளைத் தளர்த்தின. 1944ஆம் ஆண்டு நவம்பரில் 25 இலட்சத்துக்கு மேற்பட்ட படைவீரர் வாக்குகள் எண்ணப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை மாநிலச் சீட்டுகளே. 28,000 எங்கே, 25 இலட்சம் எங்கே! இரு தேர்தல்களுக்கும் இடையில் வீரரின் நாட்டுப்பற்று நூறு மடங்காகப் பெருகிவிடவில்லை. சனாதிபதித் தேர்தல் என்பதால் ஆர்வம் மிகுந்தது உண்மையே. ஆயினும், சீட்டும் வழியும் காலமும் அவர்களை எட்டியமையே பெருங் காரணம்.

குடிமக்கள் கடல் கடந்தபோது

போருக்குப் பின்னரும் இவ்வினா மறையவில்லை. சனாதிபதி ற்ரூமன் வேண்டியபடி அமெரிக்க அரசியல் விஞ்ஞானச் சங்கத்தார் இதனை ஆராய்ந்தனர். 1955ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் மாநிலங்களுக்கு வழிகாட்டிற்று. ஆனால், பெரும்பாலும் பரிந்துரையாகவே நின்றது. பரிந்துரைக்கும் கட்டளைக்கும் உள்ள வேற்றுமை, தேர்தல் நாளிலே சீட்டுக்குக் காத்திருப்பவர்க்கே நன்கு விளங்கும்.

மேலும், வெளிநாட்டில் இருப்போர் படைவீரர் மட்டுமல்லர். வணிகர், ஆசிரியர், சமயப் பணியாளர், மாணவர் எனப் பலர் கடல் கடந்து வாழ்ந்தனர். படைவீரர்க்கேனும் திரும்பும் ஊர் ஒன்று உண்டு எனச் சட்டம் கொண்டது. நீண்டநாள் வெளிநாட்டில் வாழும் குடிமக்கட்கு எம்மாநிலம் ஊராவது? இங்கேதான் இருப்பிடக் கொள்கை தன் எல்லையை அடைந்தது. 1975ஆம் ஆண்டுச் சட்டம், அவர் இறுதியாக வாழ்ந்த மாநிலத்தையே அவர்தம் வாக்குக்குரிய இடமாகக் கொண்டது. அங்கு அவர்க்கு வீடோ நிலமோ இல்லாவிடினும், மீளும் நாள் உறுதியாகாவிடினும் அது தடையன்று. வாக்கு மண்ணைவிட்டு மனிதரைப் பற்றிய நாள் அதுவெனலாம்.

1986ஆம் ஆண்டுச் சட்டம் படைவீரரையும் வெளிநாட்டுக் குடிமக்களையும் ஒரே ஒழுங்கின்கீழ்க் கொண்டு வந்தது. உரிய காலத்திற் கோரியும் மாநிலச் சீட்டைப் பெறாதவர், தாம் விரும்பும் வேட்பாளர் பெயரைத் தாமே எழுதி அனுப்பத்தக்க ஒரு பொதுச் சீட்டையும் அது வழங்கிற்று. 1944ஆம் ஆண்டு மாநிலங்களின் இசைவுக்கு உட்படுத்திச் சுருக்கப்பட்ட கருத்து, நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து நாடளாவிய விதியாயிற்று.

ஆனால், நோய் முற்றும் தீர்ந்திலது. 2000ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலில் நாட்டின் முடிவு புளோரிடா மாநிலத்தைச் சார்ந்து நின்றது. அங்கு வெற்றியின் அளவு 537 வாக்குகள். வெளிநாட்டுச் சீட்டுகளை முன்னர்க் காலந்தாழ்த்தி அனுப்பியமை பற்றி எழுந்த வழக்கின் பயனாக, அச்சீட்டுகள் தேர்தலுக்குப் பின் பத்து நாள் வரை அம்மாநிலத்தில் ஏற்கப்பட்டன. அவ்வாறு பிந்தி வந்து எண்ணப்பட்டவை ஏறத்தாழ 2,490. அவற்றுட் சிலவற்றில் தபால் முத்திரை இல்லை. கப்பலிலும் பாசறையிலும் இடப்பட்ட கடிதங்கள் முத்திரையின்றி வருதல் உண்டு. அது வீரர் குற்றமன்று. முத்திரையற்ற சீட்டைச் சில கவுண்டிகள் ஏற்றன, சில தள்ளின. ஒரு கட்சி விதியைக் கண்டிப்பாகக் கொள்க என்றது. மறு கட்சி வீரரை இழிவுபடுத்தாதீர் என்றது. 1864ஆம் ஆண்டில் கேட்ட வாதங்களே மீளவும் கேட்டன. ஒரே வகைச் சீட்டு ஓரிடத்தில் வாக்காகவும் மற்றோரிடத்தில் வெறுந்தாளாகவும் ஆயிற்று.

2009ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் இக்குறைகளை நோக்கி எழுந்தது. கோரியவர்க்குத் தேர்தலுக்கு 45 நாள் முன்னதாகவே சீட்டை அனுப்புதல் வேண்டும். வெற்றுச் சீட்டை மின்வழியாகவும் அனுப்பலாம். நொத்தாரிசு சான்று இல்லை எனக் காட்டித் தள்ளலாகாது என அது விதித்தது. இச்சட்டத்தின் உயிர்நிலை 45 என்னும் எண்ணிலேயே உள்ளது. 1945ஆம் ஆண்டில் பிரித்தானியர் தேர்தலுக்குப் பின் ஒதுக்கிய நாள்களை, அமெரிக்கர் தேர்தலுக்கு முன் ஒதுக்கினர்.

முடிவுரை

இவ்வரலாற்றினின்று நாம் அறிவன யாவை? வாக்குரிமை சட்ட ஏட்டில் எழுதப்பட்ட அளவில் நிறைவுறுவதில்லை. சீட்டு வாக்காளரை அடைதல், இரகசியம் காக்கப்படுதல், உரிய காலத்தில் மீண்டு வந்து எண்ணப்படுதல் ஆகிய மூன்றும் அமைந்தபோதே அது நிறைவுறுகின்றது. முதலாவது இன்றேல் உரிமை வெறும் சொல். இரண்டாவது இன்றேல் அது பிறர் கைக்கருவி. மூன்றாவது இன்றேல் அது வெறும் தாள். வூட்வேட்டின் அச்சமும் பொருளற்றதன்று, மேரிலாந்து வீரரின் உரிமையும் பொய்யன்று. வேலியும் வேண்டும், வாயிலும் வேண்டும். வேலியைக் காட்டி வாயிலை அடைப்போரும், வாயிலைக் காட்டி வேலியைப் பிரிப்போரும் பெரும்பாலும் தத்தம் கட்சியின் பயனையே கருதினர் என்பதை வரலாறு காட்டுகின்றது. ஆகவே, இத்தகைய விதிகளைப் போர் மூளாத அமைதிக் காலத்தில், எவர்க்கு வெற்றி வாய்க்கும் என்பது தெரியாத நாளில் வகுத்தலே நன்று.

நம் நாட்டை நோக்குவோம். அரச ஊழியர்க்கும் பொலிசாருக்கும் படையினருக்கும் தபால் மூல வாக்களிப்பு உண்டு. 2024ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலில் 7 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதற்குத் தகுதி பெற்றிருந்தனர். அத்தாட்சிப்படுத்தும் அலுவலர் முன்னிலையில், தம் பணியிடத்திலேயே, வாக்கெடுப்பு நாளுக்கு முன்னர் அவர்கள் வாக்களித்தனர். ஆனால், அதே தேர்தலில் வெளிநாட்டிற் பணிபுரியும் இலங்கைக் குடிமக்கட்குத் தாம் இருக்கும் நாட்டிலிருந்து வாக்களிக்கும் வழி இருக்கவில்லை. மேற்காசிய நாடுகளில் உழைத்து, ஊரிலுள்ள குடும்பத்துக்குப் பணம் அனுப்புவோருள் விமானச் சீட்டு வாங்க வல்லவரே வாக்களிக்க வந்தனர். அவர்க்கு வழி திறப்பின், எவ்வாறு திறப்பது, எவ்வாறு காப்பது என்ற வினாக்கள் எழும். அவ்வினாக்களுக்கு முன்னரே பலர் பட்டறிந்த விடைகள் உள.

1997ஆம் ஆண்டு தெக்சாசு மாநிலம், விண்வெளியிற் பணிபுரிவோர்க்கும் வாக்களிக்க வழி செய்தது. அவ்வாண்டே தேவிட் வூல்வ் என்னும் விண்வெளி வீரர் மீர் விண்கலத்திலிருந்து வாக்களித்தார். மண்ணை விட்டு முற்றாக நீங்கிய ஒருவரின் வாக்கும் அவர் ஊரை வந்தடைந்தது. தொலைவு தடையன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. தடையாவது, தொலைவிலிருப்போரை நம்மவராக நினையாமையே. மேரிலாந்தின் 375 வாக்குகளை நினைவிற் கொள்வோர், பாசறையிலிருந்து வரும் ஓர் உறையையும் எளிதென எண்ணார்.